அணைத்த பிறகும் அடிக்கும் கேபிள்

பம்புசெட் மோட்டார் ஓடவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். வந்தவர் மெயின் சுவிட்சை இறக்குகிறார், ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறார். ஆனால் உடனே உள்ளே கை விடுவதில்லை. உருளையாக நிற்கும் கண்டன்சரின் இரண்டு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் வயர்களால் தொடுகிறார். மின்சாரமே இல்லாத பெட்டியில் அந்த பல்பு சட்டென்று மின்னி அணைகிறது. அதன் பிறகுதான் வேலை தொடங்குகிறது. பெட்டி டிவி இருந்த காலத்தில் டிவி மெக்கானிக்குகளும் இப்படித்தான் செய்வார்கள். பிளக்கைப் பிடுங்கி மறுநாள் திறந்தாலும், பிக்சர் டியூபின் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் எர்த் வயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்த பிறகே மற்ற இடங்களில் கை வைப்பார்கள்.

மின்சாரம்தான் நின்றுவிட்டதே, பிறகு ஷாக் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவர்கள் எல்லோருமே யோசித்திருப்பார்கள். கண்டன்சர் மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதற்கென்றே செய்த பொருள், அதனால் அது அடிப்பதில் வியப்பில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெறும் கேபிள்? உள்ளே ஒரு உலோகக் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். அதிலும் இன்னும் மின் இணைப்பே கொடுக்காத, டிரம்மில் சுற்றிக் கிடக்கும் புத்தம்புதுக் கேபிள். அதைச் சரிபார்க்க வந்தவர் கையில் டார்ச் செல்லில் ஓடும் ஒரு கருவி. இவை இரண்டும் சேர்ந்து ஒரு மனிதரைத் தூக்கி எறிய முடியுமா?

முடியும். எப்படி என்று தெரிந்துகொண்டால், அந்தக் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும், எதைக் கொண்டு இயக்க வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

ஃபாரடே தொட்ட கம்பி

1850களில் ஐரோப்பாவில் கடலுக்கடியிலும் மண்ணுக்கடியிலும் தந்திக் கம்பிகள் புதைக்கத் தொடங்கியிருந்தார்கள். கம்பியைச் சுற்றி உறை போடுவதற்கு மலேயாக் காடுகளிலிருந்து வந்த கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசின் பயன்பட்டது. லண்டனில் தந்திப் பொறியாளர் லாட்டிமர் கிளார்க், இப்படி உறையிட்ட 100 மைல் நீளக் கம்பியைத் தண்ணீரில் மூழ்கவைத்து விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேக்குக் காட்டினார். 360 செல்கள் கொண்ட பேட்டரியின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையைத் தரையிலும் இணைத்துவிட்டு, பிறகு பேட்டரியை முழுவதுமாகக் கழற்றினார்கள். இப்போது கம்பியைத் தொட்டால் ஷாக் அடித்தது. விரலால் விட்டுவிட்டுத் தட்டியபோது அந்த ஒரே சேமிப்பிலிருந்து 40 தனித்தனி ஷாக் வரை வாங்க முடிந்ததாக ஃபாரடே பதிவு செய்திருக்கிறார். அதே நீளக் கம்பியைத் தண்ணீரில் போடாமல் காற்றில் வைத்துச் செய்தபோது இந்த விளைவு தென்படவில்லை.

1854 ஜனவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய உரையில் ஃபாரடே இதற்கு விளக்கம் சொன்னார். உள்ளே செப்புக் கம்பி, வெளியே தண்ணீர், நடுவில் மின்சாரத்தைக் கடத்தாத உறை. இரண்டு கடத்திகளுக்கு நடுவில் ஒரு காப்புப் படலம் இருந்தால் அது மின்தேக்கி, அதாவது நம் மெக்கானிக் சொல்லும் கண்டன்சர். ஒரு பக்கம் ஏறும் மின்னேற்றம் மறுபக்கத்தில் எதிர் மின்னேற்றத்தைத் தன்பால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் காப்பைத் தாண்ட முடியாததால் இரண்டும் அங்கேயே நிற்கின்றன. மெல்லிய கம்பிதான் என்றாலும் 100 மைல் நீளத்துக்கு அதன் மேற்பரப்பைக் கணக்கிட்டால் 8000 சதுர அடியைத் தாண்டும். அவ்வளவு பரப்பில் சேர்ந்திருக்கும் மின்னேற்றம் அது.

இன்று நம் தெருக்களுக்கு அடியில் கிடக்கும் 11,000 வோல்ட் கேபிளும் இதே அமைப்புத்தான். நடுவில் அலுமினியக் கம்பி, அதைச் சுற்றித் தடித்த பாலிதீன் வகைக் காப்பு, அதற்கு மேல் எர்த் செய்யப்பட்ட செம்புத் தகடு, அதற்கும் மேலே இரும்புக் கவசம். ஃபாரடே காலத்துத் தண்ணீரின் வேலையை இங்கே செம்புத் தகடு செய்கிறது. கேபிள் தயாரித்தவருக்கு அதை மின்தேக்கியாக்கும் எண்ணம் இல்லை. ஆனாலும் எல்லாக் கேபிளும் மின்தேக்கிதான். நீளம் கூடக்கூடக் கொள்ளளவும் கூடும்.

டார்ச் செல்லிலிருந்து 5000 வோல்ட்

கேபிளில் நாம் சோதிப்பது பெரும்பாலும் அதன் காப்பை. வெடிப்போ ஈரமோ பொசுங்கலோ இருந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசியும். கசிவைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரின் சில வோல்ட் போதாது. வேலை செய்யும்போது கேபிள் தாங்கவேண்டிய அழுத்தத்தோடு ஒப்பிடத்தக்க ஓர் அழுத்தத்தைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட், உயர் அழுத்தக் கேபிளுக்கு 2500 அல்லது 5000 வோல்ட். இந்த அழுத்தத்தைக் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று அளந்து, மெகா ஓமில் காட்டும் கருவியைத்தான் எலக்ட்ரீஷியன்கள் மெகர் என்கிறார்கள். சிட்னி எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் 1889இல் கையில் எடுத்துச் செல்லும்படியாக இதன் முன்னோடியைக் கொண்டுவந்தார். 1903இல் பதிவான மெகர் என்ற வணிகப் பெயர், இன்று எந்தக் கம்பெனிக் கருவிக்கும் பொதுப்பெயர்.

பழைய மெகரில் பேட்டரி கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 160 சுற்று வேகத்தில் அதைச் சுற்றினால் உள்ளிருக்கும் சிறு ஜெனரேட்டர் அழுத்தத்தை உண்டாக்கும். அதைவிட வேகமாகச் சுற்றினாலும் உள்ளே ஒரு கிளட்ச் வழுக்கி, அழுத்தம் எகிறாமல் பார்த்துக்கொள்ளும். இன்றைக்கும் பல பணிமனைகளில் இந்தக் கருவி உழைத்துக்கொண்டிருக்கிறது. செல் தீர்ந்துபோகும் கவலை அதற்கு இல்லை.

இப்போதைய மின்னணு மெகரில் 6 அல்லது 8 செல்கள் இருக்கும், அல்லது சார்ஜ் செய்யக்கூடிய ஒரு பேட்டரி. 12 வோல்ட்டிலிருந்து 5000 வோல்ட் எப்படி வருகிறது? சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் காற்றுத்தான் போகிறது. ஆனால் டியூபின் வால்வு அதைத் திரும்ப விடாததால், அடிக்க அடிக்க டியூபில் அழுத்தம் ஏறுகிறது. கருவிக்குள் ஒரு டிரான்சிஸ்டர் விநாடிக்குப் பல்லாயிரம் முறை பேட்டரி மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மருக்குள் செலுத்துகிறது. அங்கே உயர்ந்த அழுத்தத்தை, வால்வைப் போல ஒருவழி மட்டும் விடும் டயோடுகளும் சிறு மின்தேக்கிகளும் படிப்படியாக மேலே ஏற்றுகின்றன. 1932இல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்ட், வால்டன் என்ற இரு இயற்பியலாளர்கள் லித்தியம் அணுவைப் பிளக்கப் பயன்படுத்திய பெரிய இயந்திரத்தின் மின்சுற்றும் இந்தப் படிக்கட்டு வகைதான். பிற்பாடு நோபல் பரிசு பெற்றுத்தந்த அந்தச் சோதனையின் உத்தி, இன்று தோள்பையில் அடங்கும் பல கருவிகளுக்குள் வேலை செய்கிறது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. கருவி எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும், அது விடும் மின்னோட்டம் சில மில்லி ஆம்பியரைத் தாண்டாதபடி கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அதனால்தான் சோதனைக் கிளிப்பில் தவறிக் கை பட்டால்கூட வெறும் கருவியால் வரும் அதிர்ச்சி விரலைச் சுண்டியிழுக்கும் அளவோடு பெரும்பாலும் நின்றுவிடும். கருவியோடு கேபிளும் சேரும்போதுதான் கதை மாறுகிறது.

இரண்டு கிலோமீட்டர் கேபிள்: ஒரு கணக்கு

இரண்டு துணைமின் நிலையங்களுக்கு நடுவே 2 கிலோமீட்டர் நீளத்தில் புதைந்திருக்கும் ஒரு 11,000 வோல்ட் கேபிளை எடுத்துக்கொள்வோம். மழைக்குப் பிறகு பழுதாகி, சரிசெய்து, மறுபடியும் இணைப்பதற்கு முன் சோதிக்கிறார்கள். எல்.சி. வாங்கியாயிற்று, அதாவது லைனில் வேலை செய்ய எழுத்துப்பூர்வமான அனுமதி. இரண்டு முனையும் கழற்றி எர்த் செய்யப்பட்டிருக்கின்றன. இப்போது கேபிளுக்குள் இருக்கும் மூன்று கம்பிகளில் சோதிக்கவேண்டிய ஒன்றில் மட்டும் இரண்டு முனையிலும் எர்த்தை எடுத்துவிட்டு, மெகரின் எர்த் கிளிப்பை முதலிலும் லைன் கிளிப்பை அடுத்தும் மாட்டுகிறார்கள். 5000 வோல்ட்டுக்குத் திருப்பிப் பொத்தானை அழுத்துகிறார்கள்.

திரையில் அழுத்தம் உடனே 5000ஐத் தொடுவதில்லை. மெதுவாக ஏறுகிறது. கேபிள் என்ற மின்தேக்கி நிரம்பவேண்டும். கருவி 1 மில்லி ஆம்பியர் விடுவதாக வைத்தால், இந்த வகைக் கேபிளின் ஒரு கம்பி 2 கிலோமீட்டருக்கு நிரம்ப ஏறத்தாழ 4 விநாடி ஆகும். அப்போது அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 10 ஜூல்.

அந்தக் கருவியின் 8 நடுத்தர ஆல்கலைன் செல்களில் அடங்கியிருக்கும் ஆற்றல் 2 லட்சம் ஜூலுக்கு மேல். அந்தச் செல்களை நாம் வெறுங்கையால் எடுத்து மாட்டுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வெறும் 10 ஜூல் இருக்கும் கேபிளைத் தொடக்கூடாது. காரணம் அழுத்தமும் வேகமும். 12 வோல்ட்டால் காய்ந்த தோலைத் தாண்டி உணரும்படியான மின்னோட்டத்தை அனுப்ப முடியாது. 5000 வோல்ட்டுக்குத் தோல் ஒரு தடையே இல்லை. உடலின் மின்தடையை 1000 ஓம் என்று கொண்டால், தொட்ட கணத்தில் பாயும் மின்னோட்டம் 5 ஆம்பியர். கருவி விட்டது 1 மில்லி ஆம்பியர், வெளியே வருவது அதைப்போல 5000 மடங்கு. 4 விநாடி நிதானமாக ஏறியதில் பெரும்பகுதி, ஒரு விநாடியில் ஆயிரத்தில் 3 பங்குக்குள் உடல் வழியாக இறங்கிவிடுகிறது.

மருத்துவமனையில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை உலுக்கி ஒழுங்குக்குக் கொண்டுவரும் டிஃபிப்ரிலேட்டர் 120 முதல் 360 ஜூல் வரை கொடுக்கிறது. அதோடு ஒப்பிட்டால் 10 ஜூல் குறைவுதான். ஆனால் தசைகளைத் துள்ளவைத்து ஏணியில் நிற்பவரைக் கீழே தள்ள அது போதும். மின்னோட்டம் மார்பைக் குறுக்கே கடந்து, இதயத் துடிப்பின் மோசமான கணத்தில் பட்டால் அதைவிடக் கொடியது நடக்கலாம். கேபிளின் நீளம் 10 கிலோமீட்டர் என்றால் 10 ஜூல் 50 ஜூலாகிவிடும்.

கணக்கில் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். சோதனை முடிந்து, பொத்தானை விடுவதற்கு முன்பே யாரோ கிளிப்பைப் பிடுங்கிவிட்டார் என்று வையுங்கள். கேபிளில் ஏறியது எங்கே போகும்? காப்பு வழியாகக் கசிந்துதான் போகவேண்டும். மெகர் காட்டிய அளவு 10,000 மெகா ஓம், அருமையான கேபிள். அவ்வளவு நல்ல காப்பு வழியாகக் கசிந்து, 5000 வோல்ட் 2000 வோல்ட்டாக இறங்கவே 2 மணி நேரம் ஆகும். பழுதான கேபிள் தன் மின்னேற்றத்தைத் தானே விரைவில் இழந்துவிடும். பழுதில்லாத கேபிள்தான் அதைப் பத்திரமாக வைத்திருக்கும். 'கேபிள் ஓகே' என்ற நல்ல செய்தி கிடைத்த அந்த நேரம்தான் கை வைப்பதற்கு மிகவும் ஆபத்தான நேரம்.

நல்ல மின்னணு மெகர்கள் இதை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. பொத்தானை விட்டதும் கருவி தனக்குள்ளிருக்கும் ஒரு மின்தடை வழியாகக் கேபிளை வடியவிடும். திரையில் அழுத்தம் 4000, 2500, 900 என்று இறங்குவது தெரியும். மின்னல் குறி ஒன்று மினுக்கும், பீப் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். திரையில் பூஜ்யம் வரும்வரை கிளிப்பைத் தொடக்கூடாது. கைப்பிடி சுற்றும் பழைய மெகர்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. அங்கே கேபிளை எர்த்துக்கு வடிக்கும் டிஸ்சார்ஜ் ராடு வேண்டும். முதலில் அதன் வயரை எர்த்தில் இறுக்கமாக மாட்டி, பிறகு நீண்ட காப்புப் பிடியைப் பிடித்தபடி நுனியைக் கேபிளில் வைக்கவேண்டும். இந்த வரிசை மாறினால் ராடு பிடித்திருப்பவரே எர்த்துக்குப் போகும் வழியாகிவிடுவார்.

வடித்த பிறகும் திரும்பி வரும் அழுத்தம்

பூஜ்யம் வந்துவிட்டது, எர்த்தும் செய்தாயிற்று. இனி எர்த்தை எடுத்துவிடலாமா? கூடாது. எடுத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து வோல்ட்மீட்டரை வைத்தால், கேபிளில் மறுபடியும் அழுத்தம் தலைகாட்டும். யாரும் மின்சாரம் கொடுக்காமலே.

காரணம் காப்புப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. உயர் அழுத்தம் நீண்ட நேரம் நின்றால், காப்பின் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல அதற்கேற்பத் திரும்பிக்கொள்கின்றன, மின்னேற்றத்தின் ஒரு பகுதி உள்ளே ஊறிவிடுகிறது. இதை மின் ஊறல் என்று சொல்வோம். மெகரை அழுத்திக்கொண்டே இருந்தால் மெகா ஓம் அளவு நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். ஊறும் வேகம் குறைவதன் அடையாளம் அது. எர்த் செய்யும்போது கம்பியின் மேல் இருந்ததுதான் கணத்தில் வடிகிறது. ஊறியது ஊறிய வேகத்திலேயே திரும்பி வருகிறது. எண்ணெயில் ஊறிய காகிதத்தைக் காப்பாகக் கொண்ட பழைய கேபிள்களிலும் பெரிய ஜெனரேட்டர்களின் சுருள்களிலும் இது நன்றாகவே தெரியும். இன்றைய பாலிதீன் காப்பில் குறைவு.

அதனால் பெரிய இயந்திரங்களைச் சோதிப்பவர்களிடம் ஒரு விதி உண்டு. எவ்வளவு நேரம் அழுத்தம் கொடுத்தோமோ, குறைந்தது அதைப்போல 4 மடங்கு நேரம் எர்த்தில் வைத்திருக்கவேண்டும். 10 நிமிடச் சோதனை என்றால் 40 நிமிடம். நீண்ட கேபிளுக்கும் இதையே பின்பற்றுவது நல்லது. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் இந்த 40 நிமிடம் வீண் என்று தோன்றலாம். அது சோதனையின் ஒரு பகுதி, அந்த நேரத்தையும் சேர்த்தே வேலைக்குத் திட்டமிட வேண்டும்.

மறுமுனையில் யார் நிற்கிறார்?

கருவியைப் பிடித்திருப்பவர் விதிகளை எல்லாம் அறிந்தவர். கையுறை போட்டிருக்கிறார், ரப்பர் பாயில் நிற்கிறார். ஆனால் கேபிளுக்கு இரண்டு முனை உண்டு. மறுமுனை 2 கிலோமீட்டருக்கு அப்பால், ஏதோ ஒரு தெருவோரப் பெட்டிக்குள்ளோ தோண்டிய பள்ளத்திலோ திறந்து கிடக்கிறது. இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கேயும் 5000 வோல்ட். அங்கே நிற்கும் உதவியாளருக்கோ எட்டிப் பார்க்கும் சிறுவனுக்கோ அது தெரிய வழியில்லை. அதனால்தான் மறுமுனையில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்தி, கயிறு கட்டி, பலகை வைத்து, போனில் 'இப்போது கொடுக்கப்போகிறேன்' என்று சொல்லி, மறுமொழி வந்த பிறகே பொத்தானில் விரல் வைக்கவேண்டும். இதில் ஆள் குறைப்பதைப் போன்ற தவறான சிக்கனம் வேறில்லை.

கேபிளைக் கொன்ற 2000 வோல்ட்

அழுத்தம் கூடினால் ஆளுக்கு மட்டுமல்ல, சோதிக்கப்படும் பொருளுக்கும் ஆபத்து. 1858இல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட முதல் தந்திக் கேபிள் இதற்குச் சாட்சி. செய்தி தெளிவாக வரவில்லை என்பதற்காக வைல்ட்மேன் வைட்ஹவுஸ் என்ற பொறுப்பாளர் பெரிய தூண்டுசுருள்களைக் கொண்டு சுமார் 2000 வோல்ட்டை அதில் செலுத்தினார். ஏற்கெனவே குறைகள் இருந்த காப்பு தாங்கவில்லை. சில வாரங்களில் கேபிள் ஊமையாகிவிட்டது. எட்டு ஆண்டு கழித்து இரண்டு நல்ல கேபிள்கள் அதே கடலில் இருந்தன. முன்பு ஃபாரடேக்குக் கம்பியைக் காட்டிய அதே லாட்டிமர் கிளார்க், அமெரிக்கக் கரையில் அவற்றின் முனைகளை ஒன்றாக இணைக்கச் சொன்னார். அயர்லாந்துக் கரையில் உட்கார்ந்து, தையல்காரர் விரலில் மாட்டும் வெள்ளி உறை ஒன்றில் சில துளி அமிலமும் துத்தநாகத் துண்டும் போட்டு ஒரு செல் செய்தார். அந்தச் செல் அனுப்பிய சைகை கடலைக் கடந்து போய்த் திரும்பியும் வந்தது, ஏறத்தாழ 6000 கிலோமீட்டர்.

நம் வீட்டிலும் இதே பாடம்தான். வயரிங்கை 500 வோல்ட் மெகரால் பார்ப்பதற்கு முன் எல்.இ.டி. பல்புகள், டிவி, மோடம், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் நடுவில்தான் அழுத்தம் கொடுக்கவேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ ஈரமோ பழுதோ இருக்கிறது என்று பொருள்.

செத்த லைன்தானா?

மெகரை உயிருள்ள லைனில் மாட்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் லைன் செத்துவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வது? மெயினை இறக்கியபின்னும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும். மாடியில் சோலார் தகடு இருந்தால் வெயில் அடிக்கும்வரை அதன் கம்பியில் மின்சாரம் உண்டு. சட்டைப்பையில் செருகியிருக்கும் நியான் டெஸ்டரை நம்ப முடியாது. நடுப்பகல் வெளிச்சத்தில் அதன் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த மர ஸ்டூலில் நின்றபடி வைத்தால் சரியாக எரியாமலும் போகலாம்.

சரியான வழி மூன்று படி. அழுத்தம் காட்டும் கருவியை முதலில் உயிருள்ளது என்று தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பிறகு சோதிக்கவேண்டிய லைன். அதன் பிறகு மறுபடியும் உயிருள்ள இடம். மூன்றாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் கருவியின் ஃபியூஸ் போயிருந்தாலோ செல் தீர்ந்திருந்தாலோ அது பூஜ்யம்தான் காட்டும். உயிருள்ள லைனும் செத்ததாகத் தெரியும்.

கருவியின் உடம்பில் கேட் 2, கேட் 3, கேட் 4 என்று அச்சிட்டிருப்பதையும் பார்த்து வாங்கவேண்டும். லைனில் மின்னல் போன்றவற்றால் கணநேரம் எகிறும் அழுத்தத்தைக் கருவி எந்த அளவு தாங்கும் என்பதன் அடையாளம் அது. சுவர் பிளக்கில் மாட்டும் சாதனங்களுக்கு 2 போதும், வீட்டின் டிஸ்ட்ரிபியூஷன் பெட்டிக்கு 3, மீட்டருக்கு முன்னாலும் தெருக் கேபிளிலும் 4. கருவிக்குள் இருக்கும் ஃபியூஸ் போனால் அதே வகையைத்தான் மாட்டவேண்டும். மணல் நிரம்பிய அந்த ஃபியூஸ் உள்ளே எழும் தீப்பொறியை அணைத்துவிடும். அதற்குப் பதிலாகக் கண்ணாடி ஃபியூஸோ செப்பு இழையோ வைத்தால் கருவி கையிலேயே வெடிக்கக்கூடும்.

இன்டர்நெட் கேபிள்காரர்கள் வைத்திருக்கும் 9 வோல்ட் டெஸ்டர் இந்த ஆபத்துகளுக்கு வெளியே இருப்பது போலத் தெரியும். ஆனால் பழைய லேண்ட்லைன் போன் கம்பியில் எப்போதும் 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது அதோடு 90 வோல்ட் வரை ஏறும். கேமராவுக்கு நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் போகும் இடங்களிலும் 48 வோல்ட் அளவில் இருக்கும். டெஸ்டரை மாட்டுவதற்கு முன் மறுமுனையைக் கழற்றினால் கருவி பிழைக்கும்.

செல்லும் பேட்டரியும்

கருவியின் முதுகில் இருக்கும் சின்ன மூடியைத் திறப்பதற்கு முன் சோதனை வயர்களைக் கருவியிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பல கருவிகளில் உள்ளே உள்ள செல் ஸ்பிரிங்குக்கும் வெளியே உள்ள கிளிப்புக்கும் மின்தொடர்பு உண்டு. கிளிப் லைனில் இருந்தால் ஸ்பிரிங்கும் லைன்தான்.

செல் தீர்ந்துவருகிறது என்ற குறி திரையில் வந்தபிறகும் 'இந்த ஒரு கேபிளை மட்டும் பார்த்துவிடுவோம்' என்று தொடர்வது வழக்கம். வலுவிழந்த செல்லால் கருவி குறித்த அழுத்தத்தை எட்ட முடியாமல் போகலாம். 1000 வோல்ட் கொடுக்கவேண்டிய இடத்தில் 600 கொடுத்துவிட்டுக் கேபிளை நன்று என்றால் அந்தத் தீர்ப்பை எப்படி நம்புவது? எல்லாச் செல்லையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்றவேண்டும். பழையதும் புதியதும் கலந்தால், வலுவானவை பலவீனமானதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளி அதைத் தலைகீழாக ஏற்றிவிடும். அது ஒழுகும். ஆல்கலைன் செல்லிலிருந்து ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தோலைப் புண்ணாக்கும், செம்புத் தகடுகளை அரித்துப் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கவைக்கும். கையுறை போட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே புதுச் செல் போடவேண்டும். மாதக்கணக்கில் எடுக்காத கருவியில் செல்லை வைத்திருக்கவே கூடாது. நல்ல கருவிகள் பலவும் உழைத்துத் தேயாமல் அலமாரியில் ஒழுகிச் சாகின்றன.

லித்தியம் பேட்டரி உள்ள கருவிக்கு அதற்குரிய சார்ஜர் மட்டுமே. போன் சார்ஜரில் ஏதோ ஒன்று பொருந்துகிறது என்பதற்காக மாட்டக்கூடாது. வெயிலில் நிறுத்திய ஜீப்பின் முன்பலகையில் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டலாம், அங்கே கருவியைப் போட்டுவிட்டு சாப்பிடப் போகக்கூடாது. சூடான பேட்டரியை ஆறவிட்டபின் சார்ஜில் போடவேண்டும். உப்பிய பேட்டரியை மறுபடியும் பயன்படுத்தவே கூடாது. சார்ஜரில் இருக்கும்போது சோதனையும் செய்யக்கூடாது, பல கருவிகள் தாமே அதைத் தடுத்துவிடும். பேட்டரியில் மட்டும் ஓடும் கருவிக்கும் சுவர் பிளக்குக்கும் உறவில்லை. சார்ஜர் மாட்டியதும், 5000 வோல்ட்டுக்கும் உங்கள் வீட்டு லைனுக்கும் நடுவில் அந்தச் சிறு சார்ஜரின் காப்பு மட்டுமே தடுப்பாக நிற்கும்.

உங்கள் போர்வெல் மோட்டாரின் கேபிளையோ அடுக்குமாடியின் மெயின் கேபிளையோ மெகர் வைத்துப் பார்க்க ஒருவர் வந்தால், 'ஆயிற்றா, லைனைக் கொடுங்கள்' என்று பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாதீர்கள். அவர் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுபோலத் தெரியும் அந்தச் சில நிமிடங்களில் கேபிள் வடிந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அதுவரை குழந்தைகளைக் கேபிளின் இரண்டு முனையிலிருந்தும் தள்ளி நிறுத்துங்கள்.